கடல் ஏன் நீலம்? கலைப்பிரிவு கேட்கக்கூடாதா?

கடல் ஏன் நீலம் எண்டு கேட்டால் எங்கட ஆக்கள் முக்கால்வாசிப் பேர் சொல்லுற பதில் ஒன்றுதான்: "வானம் தெரியுது." நாங்களும் அப்படித்தான் நம்பினோம். பிறகு ஏ.எல்.லுக்குக் கலைப்பிரிவு எடுத்தோம்; பௌதிகவியலின் கதவு அதோட சாத்துப்பட்டது. லிங்கநகரில் இருந்துகொண்டு, துறைமுகத்தை இவ்வளவு கிட்ட வைத்துக்கொண்டு, ஒருநாளும் சரிபார்க்கவில்லை. அதுதான் இப்ப வெட்கம்.

அந்தப் பதில் சும்மா ஊர்க்கதையும் இல்லை. ரேலி பிரபுவே அப்படித்தான் சொன்னவர். வானம் ஏன் நீலம் என்பதற்கு 1871இல் கணக்குப் போட்டவர் அவர். ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துணிக்கையில் ஒளி பட்டால், அலைநீளம் குறையக் குறையச் சிதறல் நாலாம் அடுக்கில் கூடும். 450 நனோமீற்றர் நீலம், 700 நனோமீற்றர் சிவப்பைவிடக் கிட்டத்தட்ட 6 மடங்கு சிதறும். வானத்துக்கு இது சரி. கடல்? அது வானத்தின் பிரதிபலிப்பு என்று விட்டுவிட்டார்.

1921 செப்டெம்பரில் 'நர்குண்டா' கப்பலில் ஊர் திரும்பிய சி.வி. ராமன் அதை அப்படியே எடுக்கவில்லை. கையில் இருந்த நிக்கோல் அரியத்தால் மேற்பரப்புப் பிரதிபலிப்பை வெட்டிவிட்டுத் தண்ணியைப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் ஆழமாகத் தெரிந்தது. தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறுது எண்டு பம்பாய்த் துறைமுகத்தில் இருந்தே 'நேச்சர்' இதழுக்கு எழுதினார். 1917 வரை அவர் அரசாங்கக் கணக்கு உத்தியோகத்தர்; ஆராய்ச்சி எல்லாம் கந்தோர் நேரத்துக்கு வெளியில். (பௌதிகவியல் எம்.ஏ.தான், அதை மறைக்கவில்லை.) நோபல் பரிசைவிட எங்களுக்கு இந்த விஷயம்தான் பிடிச்சுது.

ராமன் சொன்னதும் முழுக்கதை இல்லை. தண்ணீர் சிவப்பை உறிஞ்சுகிறது. மிஞ்சும் நீலத்தைத்தான் சிதறல் திருப்பி அனுப்புது. கொட்டியாரக் குடாவில் அந்தக் கணக்கும் உதவாது. மாரி மழைக்கு மகாவலி அள்ளிவரும் மண், அலைநீளத்தைவிடப் பெரிய துணிக்கை. நாலாம் அடுக்கு விதி அங்க செல்லாது, எல்லா நிறமும் ஏறக்குறைய ஒரேயளவில் சிதறும். அதற்கு 1908இல் குஸ்தாவ் மீ போட்ட பெரிய கணக்கு வேண்டும்.

ஒரு மாதிரி எதுவரைக்கும் செல்லும் என்று கேட்பதுதானே எங்கட பாடங்களிலும் வேலை? ஒரு கோட்பாட்டை எடுத்து எல்லாக் கவிதைக்கும் போட்டுப் பார்த்து மாட்டுப்படுற ஆக்கள் நாங்கள். ஏ.எல். கலைப்பிரிவுக்கும் ஒரு விஞ்ஞானப் பாடம் கட்டாயம் வேணும் என்பது எங்கள் நிலைப்பாடு. "ஏற்கெனவே சுமை" என்று எங்களுக்குள்ளேயே சிலர் சண்டைக்கு வருகிறார்கள். சூத்திரம் பாடமாக்கினால் சுமைதான். கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனால்?

போலரொயிட் கூலிங்கிளாஸ் போதும். நேர்கீழேயும் பார்க்காமல் தூரத்தையும் பார்க்காமல், சாய்வாகத் தண்ணியைப் பார்த்துக்கொண்டு தலையைச் சரியுங்கோ. மினுக்கம் போய்ப்போய் வரும். அது போகிற நேரம் தெரிவதுதான் தண்ணியின் சொந்த நிறம். நாங்கள் மூன்று கண்ணாடி கொண்டு போனோம். இரண்டு வெறும் கறுப்புக் கண்ணாடி எண்டு அங்க போய்த்தான் தெரிஞ்சுது.