மேயர் மாளிகையும் 400 கோடியும்

மும்பை சிவாஜி பூங்காவை ஒட்டி, அரபிக் கடலைப் பார்த்தபடி நிற்கிறது ஒரு மாளிகை. 1928-இல் கட்டப்பட்டு, பின்னர் பல பத்தாண்டுகள் அந்நகர மேயர்களின் அதிகாரபூர்வ இல்லமாக இருந்தது. இன்று அங்கு மேயர் இல்லை. சிவசேனை நிறுவனர் பால் தாக்கரேயின் நினைவகத்துக்காக, ஆண்டுக்கு ஒரு ரூபாய் குத்தகையில் 30 ஆண்டுகளுக்கு ஓர் அறக்கட்டளையிடம் அது ஒப்படைக்கப்பட்டுவிட்டது. மேயர் பைகுலா உயிரியல் பூங்கா வளாகத்தில் உள்ள பங்களாவுக்கு அனுப்பப்பட்டார். 2022 மார்ச்சில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்து நிர்வாகியின் ஆட்சி வந்தபோது, மும்பைக்கு மேயரே இல்லாமல் போனது வேறு கதை.

நினைவகத்துக்கென 2019 ஜனவரியில் பாஜக - சிவசேனை அரசு 100 கோடி ரூபாய் ஒதுக்கியது. பிறகு திட்ட மதிப்பீடு 400 கோடியானது. 2021 மார்ச்சில் பூமி பூஜையை நடத்தியவர் அன்றைய முதல்வர் உத்தவ் தாக்கரே. தந்தைக்கு மகன் நினைவகம் எழுப்புவதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். செலவு அரசுடையது என்பதுதான் உறுத்துகிறது. எதிர்ப்பு மனுக்களை மும்பை உயர் நீதிமன்றம் 2025-இல் தள்ளுபடி செய்துவிட்டது. சட்டத் தடை நீங்கியதாலேயே செயல் தகுமா என்ற கேள்வி நீங்கிவிடாது.

தாக்கரே மேயராகவோ அமைச்சராகவோ இருந்ததில்லை. ஆயினும் 2012 நவம்பரில் காங்கிரஸ் - தேசியவாத காங்கிரஸ் அரசு அவருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்தியது. அவரது மறைவுக்காக நகரம் முடங்கியதை முகநூலில் விமர்சித்த பால்கர் இளம்பெண் ஒருவரும், அதை விரும்பிய தோழியும் கைது செய்யப்பட்டனர். அச்சமும் அன்பும் பிரிக்க முடியாதபடி கலந்த செல்வாக்கு அவருடையது.

மராத்தி இளைஞர்களின் வேலைவாய்ப்பு ஏக்கம் பொய்யானதன்று. அதற்குக் குரல் கொடுத்ததால் லட்சக்கணக்கானோர் அவரைப் போற்றினர். ஆனால், 1966-இல் தொடங்கிய கட்சி அந்த ஏக்கத்தைத் தென்னிந்தியர்கள் மீதே முதலில் ஏவியது. உடுப்பி உணவகங்கள் தாக்கப்பட்டதையும், அலுவலகங்களில் 'மதராசி'கள் எண்ணப்பட்டதையும் மும்பைத் தமிழர்களின் மூத்த தலைமுறை மறந்திருக்காது. பழைய கணக்கைத் தீர்ப்பதற்காக இதை நினைவூட்டவில்லை. அதைவிடக் கனமான கணக்கு ஒன்று அரசின் கோப்பிலேயே இருக்கிறது.

1992 டிசம்பர், 1993 ஜனவரி மும்பைக் கலவரங்களில் சுமார் 900 பேர் உயிரிழந்தனர். அதை விசாரித்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம், தேர்ந்த படைத்தளபதியைப்போல் தாக்கரே தம் தொண்டர்களை இயக்கினார் என்று பெயர் சொல்லியே பதிவு செய்தது. 1998-இல் அந்த அறிக்கையை ஏற்க மறுத்த முதல்வர் மனோகர் ஜோஷி, சிவசேனையைச் சேர்ந்தவர். மும்பையின் முன்னாள் மேயரும்கூட. மதத்தின் பெயரால் வாக்குக் கேட்டதற்காகத் தாக்கரேயின் வாக்குரிமை ஆறு ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டதும் பதிவில் உள்ளது.

ஆட்சிக்கு வந்த ஒவ்வொரு கூட்டணியும் இவற்றை அறியும். வாக்கு வங்கி கருதி ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. காங்கிரஸும் இதில் விலக்கல்ல. தொண்டர்கள் தங்கள் பணத்தில், தங்கள் நிலத்தில் எவ்வளவு பெரிய நினைவகமும் எழுப்பலாம். கலவரத்தில் தாயை, மகனை இழந்தவர் கட்டும் வரியில் அது எழலாகாது.

கட்டடத்தை இனி இடிக்கச் சொல்வதில் பொருளில்லை. தாக்கரேயின் கேலிச்சித்திரங்களும் உரைகளும் இடம்பெறும் கூடங்களில், ஸ்ரீகிருஷ்ணா அறிக்கையும் மக்கள் படிக்கும் வகையில் வைக்கப்படுமா என்பதை மகாராஷ்டிர அரசு வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.