உள்ளேயிருந்து வந்த ஓட்டை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக்கும் 'டாங்க்' என்ற சொல்லுக்கும் ஏதோ பூர்வஜன்ம பந்தம் இருக்க வேண்டும். வெள்ளைக்காரன் நம் ஏரிகளுக்கு 'டாங்க்' என்று பெயர் வைத்தான். பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கம். ஆவடியிலோ யுத்த டாங்கி செய்கிறார்கள். அங்கிருந்து முதல் 'விஜயந்தா' வெளிவந்தது 1965 டிசம்பரில். மூன்றாவது ரகம் ஒன்றை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பார்த்தேன். அது ஒரு விசைப்படகின் டீஸல் டாங்க்!

கடலுக்கும் அம்பத்தூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். எங்கள் வீட்டு இரும்புக் கேட்டின் கீல் உடைந்து, அதைப் பற்றவைக்க ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். லாரி டாங்குகள் செய்வதில் கைதேர்ந்தவர் அந்த மேஸ்திரி. அந்தப் பெயரைக் கேள்விப்பட்டு, காசிமேட்டிலிருந்து ஒரு படகுக்காரர் டாங்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

ஜூன் மாதத்து முதல் வாரம். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை அல்லவா? அந்த நாட்களில்தான் படகுகளுக்கு வைத்தியம் நடக்கும். இவருக்கு ஒரே அவசரம்.

"ஊசி முனை அளவு ஓட்டைதான், மேஸ்திரி. எந்தப் பசை நிக்கும்னு மட்டும் சொல்லுங்க. பதினஞ்சாம் தேதி கடலுக்குப் போவணும்."

"இதுவரைக்கும் என்னென்ன போட்டீங்க, தம்பி?"

படகுக்காரர் விரல் விட்டு எண்ணினார். முதலில் துணி சோப்பு. பிறகு சிலிகோன். கடைசியாக, இரண்டு உருண்டையைச் சேர்த்துப் பிசைகிற எபாக்ஸி பசை.

வாசகர்களே, இந்த மூன்றும் நம் வீடுகளிலும் இருக்கிற சாமான்கள்தாம். ஏன் தோற்றன என்று மேஸ்திரி சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

சோப்பு எண்ணெயில் கரையாது. அதனால்தான் வழியில் டாங்க் ஒழுகினால் லாரிக்காரர்கள் அதைத் தேய்த்து அடைத்து, ஊர் போய்ச் சேருவார்கள். ஆனால் தண்ணீரில் கரைந்துவிடுமே! படகில் எங்கே கை வைத்தாலும் ஈரம்.

சிலிகோன் குளியலறைக்கு உத்தமம். டீஸல் பட்டாலோ ஊறி, உப்பி, பிடியை விட்டுவிடும். சாதாரண ரப்பருக்கும் இதே கதிதான். மேஸ்திரி ஒரு கண்ணாடிக் குப்பியைக் காட்டினார். முந்தின நாள் டீஸலில் போட்ட ரப்பர் வளையம் அதற்குள் வெள்ளரிப் பிஞ்சு மாதிரி பருத்துக் கிடந்தது.

எபாக்ஸி இறுகிவிட்டால் டீஸலைத் தாங்கும். ஆனால் துருவைச் சுரண்டி, எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, உலர்ந்த இரும்பின் மேல் பூச வேண்டும். கசிந்துகொண்டிருக்கும்போதே அப்பினால் அது ஒட்டுவது இரும்பின் மேல் அல்ல, டீஸலின் மேல்!

"அப்போ எதுதான் நிக்கும்?"

"பாலிசல்ஃபைடுன்னு ஒண்ணு இருக்கு. ஏரோப்ளேன் இறக்கைக்குள்ளேயே எரிபொருளை நிரப்பறாங்களே, அந்த மூட்டுக்கெல்லாம் அதைத்தான் பூசறாங்க. எண்ணெயில ஊறாது, ஆட்டத்துக்கும் வளைஞ்சு கொடுக்கும்."

படகுக்காரர் முகம் மலர்ந்தது. "அதையே வாங்கிப் பூசிடலாமே!"

மேஸ்திரி பதில் சொல்லவில்லை. சின்னச் சுத்தியலால் டாங்கின் பக்கத்தில் தட்டினார், 'டங்'கென்றது. அடித் தகட்டில் தட்டினார், 'டப்'பென்றது. அங்கே திருப்புளியை வைத்து அழுத்தினார். அப்பளத்தில் இறங்குவது போல் உள்ளே போய்விட்டது.

படகுக்காரர் வெகுநேரம் அந்தத் துளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்கதி இதுதான். டாங்க் பாதி காலியாக இருந்தால், உள்ளே இருக்கும் கடற்காற்றின் ஈரம் இரவில் குளிர்ந்து, தகட்டில் முத்து முத்தாகப் படியும். தண்ணீர் டீஸலைவிடக் கனம். அடியில் போய்த் தங்கும். அங்கே நுண்ணுயிர்களும் குடியேறிச் சேறு கட்டும். மாதக் கணக்கில் இரும்பை உள்ளேயிருந்து அரிக்கும். நாம் வெளியே காண்கிற ஊசி முனை, அந்த வியாதியின் கடைசி நாள்.

தவிர, ஏரிக் கரையில் கசிவு கண்டால் தண்ணீர்ப் பக்கமாக அடைப்பதே உத்தமம் என்பது கிராமத்தாருக்குத் தெரியும். அப்போது தண்ணீரே அடைப்பை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். வெளிப்பக்கம் அப்பினால் தள்ளப் பார்க்கும். டாங்கும் அப்படியே.

"சரி, ஒரு தகடு வெச்சு வெல்டிங் அடிச்சிடுங்க. டாங்க்தான் காலியா இருக்கே."

மேஸ்திரி தம் இடது புருவத்தைத் தொட்டுக் காட்டினார். பாதிப் புருவம் இல்லை.

"நிறைஞ்ச டாங்கைவிடக் காலி டாங்குக்குத்தான் தம்பி நான் பயப்படறேன்!"

காலி டாங்க் உண்மையில் காலியல்ல. துருவுக்குள் ஊறிய டீஸல், வெல்டிங் சூட்டில் ஆவியாகிக் காற்றோடு கலக்கும். அப்புறம் ஒரு பொறி போதும். அதைக் கழுவி, நீராவி பாய்ச்சி, உள்ளே ஆவி இல்லை என்று சோதித்தறிந்த பிறகே நெருப்பை நெருங்க வேண்டும். அத்தனையும் செய்தாலும், ஓட்டிப் போட இந்த டாங்கில் நல்ல தகடு எங்கே?

"உங்க படகுல எத்தனை பேர் போறாங்க?"

"என்னோட சேர்த்து ஏழு பேர்."

"டீஸல் சொட்டிச் சொட்டி இஞ்சின் புகைக்குழாய் மேல விழுந்தா, நடுக்கடல்ல ஏழு பேரும் எங்கே ஓடுவீங்க?"

அதற்கு மேல் பேச்சில்லை. புது டாங்க் என்று தீர்மானமாயிற்று. அடி மூலையில் தண்ணீரை வடிக்க ஒரு குழாய். மேலே கை நுழைந்து துடைக்க ஒரு மூடி. அந்த மூடிக்கு டீஸலில் ஊறாத நைட்ரைல் ரப்பர் வளையம். கரைக்குத் திரும்பியதும் டாங்கை நிரப்பி வைக்க வேண்டும், ஈரக் காற்றுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று மேஸ்திரி இரண்டு முறை சொன்னார்.

உங்களிடம் படகு இல்லாமலிருக்கலாம். மாடிக் குடியிருப்பில் ஜெனரேட்டர் இருக்குமே! அதன் டாங்கின் அடியில் ஒரு தரம் கையை வைத்துப் பாருங்கள். ஈரம் பட்டால், பசை வாங்கக் கடைக்கு ஓடும் முன் டாங்கைக் கழற்றித் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வண்டி ஏறும்போதும் படகுக்காரருக்கு மனசு ஆறவில்லை. "எல்லாப் படகும் பதினஞ்சாம் தேதி போயிடுமே, மேஸ்திரி?"

"நீங்க பதினெட்டாம் தேதி போங்க, தம்பி. கடல் எங்கே போயிடப் போவுது?"