பர்ச்சேஸ் கிளார்க்குக்கு எந்த ஊரில் எவ்வளவு?



"மெக்கானிக்கல் படிச்சிட்டு கிளார்க் வேலைக்கா போற?" இறுதியாண்டு வந்துவிட்டால் நம் கேன்டீனில் அதிகம் காதில் விழும் கேலி இதுதான். லேத் மெஷின் முன்னால் நின்றால்தான் டிப்ளமோவாம், ஸ்டோர்ஸில் உட்கார்ந்து பில் எழுதினால் கௌரவக் குறைச்சலாம்! இந்தப் பேச்சு எனக்கு ஒப்புதல் இல்லை. கௌரவத்தைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், அந்த வேலைக்கு எந்த ஊரில் என்ன சம்பளம் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறோமா? கேட்பதில்லை. என் ஆதங்கமே அதுதான்.

முதலில் வேலை என்ன என்று பார்ப்போம். கம்பெனிக்கு ஒரு போல்ட் வேண்டுமென்றாலும் கீழேயிருந்து இண்டென்ட் வர வேண்டும். மூன்று இடத்தில் கொட்டேஷன் கேட்டு, விலையை ஒப்பிட்டு, பர்ச்சேஸ் ஆர்டர் போட வேண்டும். லாரி வந்ததும் சலானோடு சரக்கை எண்ணிப் பார்த்து, இ-வே பில்லும் ஜி.எஸ்.டி. பில்லும் பொருந்துகிறதா என்று சரிபார்த்து, வரவு வைக்க வேண்டும். எம்8 போல்ட்டுக்கும் எம்10 போல்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் லைனே நின்றுபோகும். நாம் ட்ராயிங் படிக்கக் கற்றது வீண்போகாத வேலை இது.

நம் ஏரியாவுக்கும் இந்த வேலைக்கும் பழைய உறவு உண்டு. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது நம் ராயபுரத்திலிருந்து. 1948-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் வந்தது, அதுதான் பிறகு அசோக் லேலண்ட் ஆனது. 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு வந்தது. பிறகு மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் எழுந்தன. நாட்டின் முதல் கன்டெய்னர் முனையம் 1983-ல் சென்னைத் துறைமுகத்தில்தான் தொடங்கியது. இத்தனை இடத்திலும் சரக்கு உள்ளே வர ஒருவர் எழுத வேண்டும், வெளியே போக ஒருவர் எழுத வேண்டும். அப்படி எழுதிய பலர் பர்மனென்ட் ஆகி, வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள்.

இன்றைக்கு அந்தக் கதை மாறிவிட்டது. பின்னி மில் 1996-ல் மூடிவிட்டது. விம்கோ தீப்பெட்டிக் கம்பெனி போய்விட்டது, அதன் பெயர் மட்டும் மெட்ரோ ஸ்டேஷன் பலகையில் நிற்கிறது. லேலண்ட் 1980-லேயே ஓசூருக்கும் கிளை விரித்தது. என்ஃபீல்டு 2013-ல் ஒரகடத்தில் புதிய ஆலை திறந்தது. நிலக்கரியும் இரும்புத் தாதுவும் 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்திலிருந்து எண்ணூருக்குப் போயின. வேலை அழிந்தது என்பதைவிட வேலை இடம் மாறியது என்பதே சரி. ஒரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர். இன்னொரு பக்கம் நம் மின்சார ரயில் பாதையிலேயே அத்திப்பட்டு, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி. அப்படியானால் எங்கே போவது?

எனக்குத் தெரிந்த இரண்டு சீனியர் அண்ணன்களின் கணக்கைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், கம்பெனியும் வேண்டாம். ஒருவர் நம் பக்கத்திலேயே ஒரு கன்டெய்னர் யார்டில் ஸ்டோர்ஸ் கிளார்க். கையில் 14,000 ரூபாய். வீட்டுச் சாப்பாடு, ரயில் சீசன் டிக்கெட், டீ செலவு போக 12,500 மிஞ்சியது. இன்னொருவர் ஒரகடம் போனார். கையில் 18,000. நாலு பேரோடு ரூம் வாடகை 3,000, மெஸ் 5,000, வாராவாரம் வீட்டுக்கு வந்து போக 1,500. மிச்சம் 8,500. "அங்க போயி இன்னாடா லாபம்?" என்று எல்லோரும் சிரித்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்துப் பாருங்கள். ஒரகடம் அண்ணன் அங்கே எஸ்.ஏ.பி. சாஃப்ட்வேர் கற்றுக்கொண்டு, வேறு கம்பெனிக்கு 24,000-த்துக்கு மாறிவிட்டார். யார்டு அண்ணனுக்கு 500 ரூபாய்தான் ஏறியது. அவர் பெயர் கம்பெனி ரோலில் இல்லை, கான்ட்ராக்டர் ரோலில் இருக்கிறது. கான்ட்ராக்டர் மாறினால் சர்வீஸ் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. ஆகவே ஊர் பெயரை மட்டும் பார்த்துச் சம்பளத்தை எடை போட முடியாது. யார் ரோலில் இருக்கிறோம், அங்கே என்ன கற்கிறோம், மிச்சம் எவ்வளவு என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் அப்பா 20 வருஷமாகச் சரக்கு இறக்குகிறார், கான்ட்ராக்டர்கிட்டதான். இன்றுவரை ஒரு சம்பளச் சீட்டு அவர் கையில் கிடைத்ததில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் படி ஏறியவன் நான். சம்பளச் சீட்டைப் படிக்கக்கூடத் தெரியாமல் நான் வெளியே போனால் இந்தப் படிப்புக்கு என்ன அர்த்தம்?

சி.டி.சி. என்று ஒரு தொகை சொல்வார்கள், கவனம்! உதாரணத்துக்கு மாதம் 15,000 சி.டி.சி., அதில் அடிப்படைச் சம்பளம் 10,000 என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். கம்பெனி பங்கு 12 சதவீதம், அதாவது 1,200. அதையும் அந்த 15,000-க்குள்ளேயே சேர்த்துக் காட்டுவது வழக்கம். நம் பங்கு இன்னொரு 1,200. ஆக 12,600. இ.எஸ்.ஐ. பிடித்தம் அதற்கும் மேல். பி.எஃப். நம் பணம்தான், கெட்டுப் போகாது. ஆனால் வாடகையைக் கையில் வருவதிலிருந்துதானே கொடுக்க வேண்டும்?

டிப்ளமோ முடித்தவர்களுக்கு அப்ரன்டிஸ் உதவித்தொகை குறைந்தது 8,000 ரூபாய் என்று 2019-ல் விதி திருத்தினார்கள். திருவொற்றியூரானாலும் ஓசூரானாலும் அந்தக் குறைந்தபட்சம் ஒன்றுதான். ஊருக்கு ஊர் வாடகை மட்டும் ஒன்றாக இருப்பதில்லை! வெளியூர் அப்ரன்டிஸ் இடம் வந்தால், கேன்டீனும் பஸ்ஸும் உண்டா என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

"கோழி மேய்ச்சாலும் கோர்மெண்ட்ல மேய்க்கணும்" என்று எங்கள் ஆயா சொல்லும். ஸ்டோர்ஸ் வேலையில் அதற்கும் ஒரு வழி இருக்கிறது, நம்மில் பலருக்குத் தெரியவில்லை. ரயில்வேயில் டெப்போ மெட்டீரியல் சூப்பரின்டென்டென்ட் என்று ஒரு பதவி. எந்தப் பிரிவு என்ஜினியரிங் டிப்ளமோவும் போதும். ஜூனியர் என்ஜினியருக்கான அதே தேர்வுதான், தமிழிலும் எழுதலாம். 2024-ல் இந்தப் பதவியும் சேர்ந்து வந்த அறிவிப்பில் நாடு முழுவதும் மொத்தம் 7,951 இடங்கள். 7-வது ஊதியக் குழு அட்டவணைப்படி ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 35,400. ஊரைப் பார்த்து வீட்டு வாடகைப்படி எப்படி மாறுகிறது பாருங்கள். 2024 ஜனவரி முதல் உள்ள விகிதப்படி சென்னையில் 30 சதவீதம், அதாவது 10,620. கோவை, மதுரையில் 20 சதவீதம், 7,080. சிறு ஊர்களில் 10 சதவீதம், 3,540. பெரிய ஊரில் செலவு அதிகம் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டு கொடுக்கிறது. தனியார் கம்பெனியில் இதைக் கேட்டால் "இஷ்டமிருந்தா வா" என்பார்கள்.

சட்டம் நமக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2019-ல் இயற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இதற்குக் கீழே யாரும் கூலி கொடுக்கக் கூடாது என்ற அடிமட்ட அளவை மத்திய அரசு வகுக்க வேண்டும் என்றும், பகுதிக்குப் பகுதி அது வேறுபடலாம் என்றும் அதில் இருக்கிறது. ஒரே வேலைக்கு ஆண் பெண் பார்த்துச் சம்பளம் குறைக்கக் கூடாது என்றும் இருக்கிறது. வெளியூர் ஹாஸ்டலுக்கு வீட்டில் அனுப்பாததால் பக்கத்து யார்டிலும் ஷெட்டிலும் கிடைத்த சம்பளத்துக்குச் சேரும் நம் தோழிகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். "பொம்பளப் பிள்ளைக்கு இது போதும்" என்று யாரும் சொல்ல முடியாது.

துபாய், கத்தார் என்று ஸ்டோர் கீப்பர் வேலைக்குக் கூப்பிடுவோரும் உண்டு. திர்ஹாம் கணக்கில் கேட்டால் மயக்கம்தான் வரும். ஏஜென்டுக்கு மத்திய அரசின் பதிவு எண் இருக்கிறதா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். தங்கும் இடமும் சாப்பாடும் யார் செலவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். அதற்குப் பிறகு கணக்குப் போடுங்கள்.

அமெரிக்காவில் கொள்முதல் கிளார்க் வேலைக்கே 43-3061 என்று தனி எண் கொடுத்து, எந்த மாநிலத்தில், எந்த நகரத்தில் எவ்வளவு சம்பளம் என்று அரசாங்கமே வருஷா வருஷம் அட்டவணை போடுகிறது. அங்கே ஒரு பையன் வேலைக்குப் போகும் முன் அதைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசலாம். நமக்கு டீக்கடைப் பேச்சுதான் அட்டவணை! சம்பளத்தைக் கேட்பது அநாகரிகம் என்று நாம் நினைப்பதால் யாருக்கு லாபம்? குறைத்துக் கொடுப்பவருக்குத்தான்.

எனவே நம் மாணவர் மன்றத்துக்கு மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன்.

ஒன்று: மன்ற அறையில் ஒரு சம்பள நோட்டு வைக்க வேண்டும். படித்து முடித்துப் போகும் ஒவ்வொருவரும் ஊர், வேலை, கம்பெனி ரோலா கான்ட்ராக்டா, கையில் எவ்வளவு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா, எத்தனை மணி நேரம் என்று பெயர் போடாமல் எழுதட்டும். இதற்கு 50 ரூபாய் லாங் சைஸ் நோட்டு போதும்.

இரண்டு: கேம்பஸுக்கு வரும் கம்பெனி, இன்டர்வியூவுக்கு முன்பே கையில் வரும் தொகையைப் போர்டில் எழுத வேண்டும் என்று வேலைவாய்ப்புப் பிரிவு சாரிடம் மன்றம் கேட்க வேண்டும்.

மூன்று: சனிக்கிழமை தோறும் ஒரு மணி நேரம் டேலி, ஜி.எஸ்.டி. பில், இ-வே பில், அரசாங்கக் கொள்முதல் நடக்கும் ஜெம் தளம் இவற்றைச் சீனியர்களைக் கொண்டே சொல்லிக் கொடுக்கலாம்.

நண்பர்களே! லேத்தோ, லெட்ஜரோ, நேர்மையாகச் செய்தால் எல்லாம் வேலைதான். போல்ட் வாங்க மூன்று கொட்டேஷன் கேட்கச் சொல்கிறது ஸ்டோர்ஸ் பாடம். நம் உழைப்பை விற்கும்போது மட்டும் ஒரே கொட்டேஷனுக்குத் தலையாட்டலாமா? அடுத்த வருஷம் இந்த மலரைப் பிரிக்கும் தம்பி, தங்கைகள் கேட்டுத் தெரிந்து, கணக்குப் பார்த்து வேலைக்குப் போகட்டும். அந்த நோட்டின் முதல் பக்கத்தை எழுத நான் தயார். நீங்களும் வாருங்கள்!