பதினொரு கிலோவில் ஒரு பியானோ... மாடி வீட்டுக்கு எது சரி?

"அம்மா, அந்த பியானோல கட்டையை அழுத்தவே வரலை. பாதி நோட்ஸ் சத்தமே கேக்கலை!"

கிரேடு தேர்வு அறையை விட்டு வெளியே வரும் குழந்தை இப்படிச் சொன்னால், அம்மாவுக்கு ஒன்றும் புரியாது. மூன்று மாதமாக வீட்டில் தினமும் அரை மணி நேரம் வாசித்த அதே பாடல்தானே? பாடல் அதேதான். வாசித்த பெட்டிதான் வேறு. வீட்டில் இருந்தது தாத்தா பிறந்தநாளுக்கு வாங்கிக்கொடுத்த 61 கட்டை கீபோர்டு. தேர்வு மையத்தில் இருந்தது அசல் பியானோ.

அதற்குப் பிறகு பல வீடுகளில் நடப்பதும் ஒரே மாதிரிதான். டீச்சர் "வெயிட்டட் கீஸ் உள்ளதா வாங்குங்க" என்பார். அப்பா இரவு பன்னிரண்டு மணி வரை போனில் மாடல்களைப் பார்ப்பார். அம்மா ஹாலில் டேப்பை வைத்துச் சுவரை அளப்பார். தாத்தா, "நான் வாங்கிக்கொடுத்ததுல என்னடா குறை?" என்று கேட்பார்.

குறை ஒன்றும் இல்லை தாத்தா. அது வேறு வாத்தியம், அவ்வளவுதான்.

1700-ம் ஆண்டு வாக்கில் இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி என்ற கைவினைஞர் உருவாக்கியது பியானோ. அதுவரை இருந்த ஹார்ப்ஸிகார்டில் கட்டையை மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு சத்தம்தான். கிறிஸ்டோஃபோரியின் பெட்டியில் ஒவ்வொரு கட்டைக்குப் பின்னாலும் ஒரு சுத்தியல் இருந்தது. விரலின் வேகத்துக்கு ஏற்ப சுத்தியல் கம்பியைத் தட்ட, மெல்லிய ஒலியும் பலத்த ஒலியும் வாசிப்பவரின் கைக்கு வந்தன. 'பியானோ', 'ஃபோர்ட்டே' என்ற இத்தாலியச் சொற்களுக்கு மெதுவாக, பலமாக என்று பொருள். பெயரிலேயே விஷயம் இருக்கிறது.

சாதாரண கீபோர்டில் கட்டைக்கு அடியில் ஸ்பிரிங்கும் ரப்பரும்தான். தொட்டால் இறங்கிவிடும். அதிலேயே பழகிய விரல், சுத்தியலைத் தூக்க வேண்டிய கட்டையில் போய் உட்காரும்போது திணறத்தான் செய்யும். அதற்காக 200 கிலோவைத் தாண்டும் அசல் பியானோவை லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடிக்கு ஏற்ற முடியுமா? ஏற்றினாலும், வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை ட்யூனரை அழைக்க வேண்டும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றும் அதன் மரத்துக்கும் கம்பிக்கும் ஆகாது.

இந்த இடத்தைத்தான் கையில் தூக்கிச் செல்லக்கூடிய டிஜிட்டல் பியானோ நிரப்புகிறது. அசல் பியானோவின் 88 கட்டைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னச் சுத்தியல் பொறி, கம்பிகளுக்குப் பதில் பதிவு செய்யப்பட்ட ஒலி. எடை பத்து முதல் பதினைந்து கிலோ. அதாவது அரை மூட்டை அரிசி.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

கடைக்குப் போவதற்கு முன் டீச்சரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். குழந்தை படிப்பது பியானோ கிரேடா, எலக்ட்ரானிக் கீபோர்டு கிரேடா?

கேட்பதற்கு அசட்டுத்தனமாகத் தோன்றலாம். ஆனால், லண்டன் டிரினிட்டி காலேஜ் தேர்வுகளில் இவை இரண்டும் தனித்தனிப் பாடத்திட்டங்கள். கீபோர்டு தேர்வில் இடது கையால் கார்டு பிடித்தால் தாளமும் பின்னணி வாத்தியங்களும் தானாக ஓடும் வசதி தேவைப்படும். தொடக்க நிலை டிஜிட்டல் பியானோக்களில் பெரும்பாலும் அது இருக்காது. அரை லட்சத்தை நெருங்கிச் செலவழித்துவிட்டு, "ஐயோ, இதுல ஸ்டைல் பட்டனே இல்லையே" என்று டீச்சர் சொன்னால் என்ன செய்வது?

கர்னாடக இசை கற்கும் பிள்ளை என்றால் இன்னொரு சிக்கல். கமகத்தை அசைத்துக் காட்ட கீபோர்டின் இடது ஓரத்தில் இருக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் வேண்டும். கீபோர்டில் கர்னாடக இசை வாசித்துப் பெயர் பெற்ற கே.சத்யநாராயணன் போன்றவர்களின் கச்சேரியைப் பார்த்தால் இடது கை எங்கே போகிறது என்பது தெரியும். வீட்டு உபயோக டிஜிட்டல் பியானோக்களில் அந்தச் சக்கரம் உள்ளவை மிகச் சில. இந்த வகைப் பிள்ளைக்கு நல்ல கீபோர்டே போதும், பியானோ வேண்டாம்.

பியானோ கிரேடுதான், அல்லது மேற்கத்திய இசையை முறையாகக் கற்கத்தான் என்று உறுதியானால் மேலே படியுங்கள்.

எடை குறைந்தால் எது குறைகிறது?

'லைட் வெயிட்' என்ற சொல்லைப் பார்த்ததும் ஆசை வரும். அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. 88 கட்டைகளுக்கும் சுத்தியல் பொறி வைத்தால் அதற்கென்று ஓர் எடை வந்தே தீரும். காசியோ சிடிபி-எஸ்110 பத்தரை கிலோ. யமஹா பி-145 சுமார் 11 கிலோ. ரோலண்ட் எஃப்பி-10 பன்னிரண்டு கிலோவுக்குச் சற்று மேல். அதே ரோலண்டின் எஃப்பி-30எக்ஸ் பதினைந்து கிலோவை நெருங்குகிறது. ஐந்து, ஆறு கிலோவில் '88 கீ பியானோ' என்று விளம்பரம் வந்தால் உள்ளே சுத்தியல் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். மூன்றாக மடித்துப் பையில் போடும் பியானோக்களும் அந்த ரகம்தான். பயணத்தில் பாட்டுப் போட்டுப் பார்க்க உதவும். விரலுக்குப் பயிற்சி தராது.

விளம்பர வாசகங்களில் 'செமி வெயிட்டட்' என்று இருந்தால், கட்டை கொஞ்சம் கெட்டியாக இருக்கும், அவ்வளவே. 'ஹேமர் ஆக்‌ஷன்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அதிலும் இடப்பக்கக் கட்டைகள் கனமாகவும், வலப்பக்கம் போகப் போக லேசாகவும் இருக்க வேண்டும். அசல் பியானோவில் அப்படித்தான். 'கிரேடட்', 'ஸ்கேல்டு' என்ற சொற்கள் இதைக் குறிப்பவை.

சமீப வருடங்களில் வரும் மாடல்கள் மேலும் மெலிந்திருக்கின்றன. காசியோவின் பிஎக்ஸ்-எஸ் வரிசையும் மேலே சொன்ன சிடிபி-எஸ் வரிசையும் சுமார் 23 சென்டிமீட்டர் ஆழத்தில் அடங்கிவிடும். அலமாரி மேல் சாய்த்து வைக்கலாம், பார்க்க அழகு. ஆனால், ஆழம் குறைந்தால் உள்ளே கட்டையின் நீளமும் குறையும். கதவைக் கைப்பிடியில் பிடித்துத் தள்ளுவதற்கும் கீல் பக்கம் கையை வைத்துத் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம் தெரியும் அல்லவா? அதுபோல, கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே உள்ளே தள்ளி விரல் வைக்கும்போது குட்டையான கட்டை கனக்கும். தொடக்க வருடங்களில் இது பெரிதாகத் தெரியாது. ஐந்து, ஆறாவது கிரேடில் தெரிய ஆரம்பிக்கும். வீட்டில் இடம் இருந்தால் கொஞ்சம் ஆழமான மாடலையே எடுப்பது நல்லது.

கடையில் பார்க்கும்போது விற்பனையாளர் வாசித்துக் காட்டுவதை ரசித்துவிட்டு வந்துவிடக் கூடாது. அவர் எதில் வாசித்தாலும் நன்றாகத்தான் இருக்கும். குழந்தையை உட்கார வைத்து, ஒரே கட்டையை மிக மெதுவாகப் பத்து முறை அழுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் மெல்லிய சத்தம் வருகிறதா, சில முறை விழுங்கிவிடுகிறதா? பிறகு ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டு வேகமாக வாசிக்கட்டும். பிளாஸ்டிக் 'டக் டக்' சத்தம் எவ்வளவு வருகிறது என்று அப்போது தெரியும். கீழ் வீட்டுக்காரர் கேட்கப்போவது இந்தச் சத்தத்தைத்தான்.

அதுவும் ஒரு கதை. ஹெட்போன் போட்டுக்கொண்டால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்று நினைத்து இரவு பத்து மணிக்கு வாசிப்பார்கள். இசை கேட்காது. ஆனால், கட்டை இறங்கி அடிக்கும் அதிர்வு ஸ்டாண்டு வழியாகத் தரைக்குப் போய், கீழ் வீட்டுக் கூரையில் யாரோ விரலால் தட்டுவதுபோல் விழும். ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் கெட்டியான ரப்பர் பாய் போட்டால் பெருமளவு அடங்கும். ஹெட்போனும் வயர் உள்ளதாக இருக்கட்டும். ப்ளூடூத் ஹெட்போனில் கட்டையை அழுத்திய பிறகு ஒரு கணம் தாமதித்துத்தான் ஒலி வரும். தாளம் பழகும் குழந்தைக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

'பாலிஃபனி 64', '96', '192' என்று அட்டையில் எண்கள் மிரட்டும். ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகள் உயிரோடு இருக்க முடியும் என்ற கணக்கு அது. பத்து விரல்தானே, 64 எதற்கு என்று தோன்றும். பெடலை மிதித்தால் முன்பு வாசித்த ஒலிகளும் சேர்ந்து ஒலித்துக்கொண்டே இருக்கும், அதனால்தான். தொடக்க நிலைக்கு 64 போதும். 'முந்நூறு டோன்' என்பதற்காக மட்டும் அதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. குழந்தை முதல் வாரம் அத்தனையையும் அழுத்திப் பார்க்கும். அப்புறம் பியானோ ஒலி ஒன்றுதான்.

டைனிங் டேபிள் வேண்டாமே

பியானோவுக்கே பட்ஜெட் முடிந்துவிட்டது, ஸ்டாண்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று டைனிங் டேபிள்மீது வைக்கும் வீடுகள் நிறைய. டேபிள் உயரம் சுமார் 75 சென்டிமீட்டர். அதன்மேல் பியானோவின் உயரம் சேர்ந்தால் கட்டைகள் 80-ஐத் தாண்டிப் போய்விடும். அசல் பியானோவில் கட்டைகள் தரையிலிருந்து 72, 73 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். எட்டு வயதுக் குழந்தை தோளைத் தூக்கிக்கொண்டு வாசிக்கும். மணிக்கட்டு வலிக்கும். அந்த வலியை 'பயிற்சிக்குச் சோம்பேறித்தனம்' என்று அம்மா நினைத்துக்கொள்வார்.

எக்ஸ் வடிவ ஸ்டாண்டு விலை மலிவு. ஆனால், முழங்கால் இடிக்கும், ஓங்கி வாசித்தால் ஆடும். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து நாலு கால் ஸ்டாண்டோ, அந்த மாடலுக்கென்றே வரும் மர ஸ்டாண்டோ வாங்கலாம். உயரம் மாற்றக்கூடிய ஸ்டூலும் வேண்டும். முழங்கை கட்டைகளின் மட்டத்தில் இருக்கிறதா என்பதுதான் அளவுகோல். கூடவே கொடுக்கும் சின்ன பிளாஸ்டிக் பெடல் வழவழப்பான டைல்ஸில் நழுவி ஓடும். தற்காலிகமாக ரப்பர் மேட்மீது வைக்கலாம். மேல் கிரேடுகளுக்குப் போகும்போது பியானோ பெடல் வடிவத்தில் கனமான ஒன்றை வாங்கிக்கொள்ளலாம்.

88 கட்டை பியானோவின் நீளம் ஏறக்குறைய 132 சென்டிமீட்டர், நாலேகால் அடிக்குக் கொஞ்சம் மேல். ஆட்டோவில் குறுக்கே வைத்தால் வெளியே நீட்டும். அட்டைப் பெட்டியோடு இன்னும் நீளம். 'அமெரிக்காவில் இருந்து சித்தப்பா வரும்போது கொண்டுவருவார்' என்ற திட்டமும் இங்கேதான் அடிபடுகிறது. விமானங்களில் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான வரம்பு. தாண்டினால் தனிக் கட்டணம். இங்கே ரிப்பேர் என்றால் வாரன்டியும் சந்தேகம்.

மின்வெட்டு அதிகமுள்ள ஊராக இருந்தால் பேட்டரியிலும் ஓடும் மாடலைப் பாருங்கள். காசியோ சிடிபி-எஸ்110 ஆறு ஏஏ பேட்டரிகளில் வேலை செய்யும். அடாப்டரை மட்டும் மாற்றாதீர்கள். டிவி பெட்டி அடாப்டரின் பின் பொருந்துகிறதே என்று செருகி, பலகையையே புகைத்துவிடுவார்கள். வாசித்து முடித்ததும் துணி போட்டு மூடி வையுங்கள். தூசிக்கு மட்டுமில்லை. பிஸ்கட் தின்றுகொண்டே வாசித்தால் எறும்பு வரும், எறும்பைத் தேடிப் பல்லி வரும்.

தாத்தாவுக்கும் ஒன்று

பணி ஓய்வுக்குப் பிறகு வாசிக்க ஆசைப்படும் பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. விரல் மூட்டு வலி இருப்பவருக்குக் கனமான கட்டை தண்டனை. ரோலண்ட் எஃப்பி-10 போன்றவற்றில் கட்டை சற்று கனம். யமஹாவின் தொடக்க மாடல்கள் லேசு. தேர்வு எழுதப்போவதில்லை, மாலையில் பழைய சினிமாப் பாட்டு வாசித்தால் போதும் என்றால், 76 கட்டைகளோடு ஆறு கிலோவுக்குள் வரும் யமஹா என்பி-32 போன்ற ஸ்பிரிங் ரகமே வசதி. தானே தூக்கிப் படுக்கையறைக்குக் கொண்டுபோகலாம். பழைய 61 கட்டை கீபோர்டும் இருக்கிறதே, அதைத் தாத்தாவிடமே கொடுத்துவிட்டாலும் தப்பில்லை. குறை கேட்டவர் அவர்தானே!

பழைய பியானோவை வாங்குவதானால் பகல் நேரத்தில் போய், 88 கட்டைகளையும் ஒன்றுவிடாமல் மெதுவாக ஒரு முறை, பலமாக ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். நடுவில் உள்ள இரண்டு ஆக்டேவ்தான் அதிகம் தேய்ந்திருக்கும். ஒரு கட்டை மட்டும் பக்கத்துக் கட்டையைவிட உரக்க ஒலித்தால், அடியில் இருக்கும் சென்சார் ரப்பர் பழுதாகியிருக்கலாம். விற்பவர் அவசரப்படுத்தினால் கிளம்பிவிடலாம்.

புதிதாக வாங்கினாலும் வீட்டுக்கு வந்த அன்றே இதே சோதனையைச் செய்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் அட்டைப் பெட்டியையும் தெர்மோகோலையும் உடனே தூக்கிப் போட வேண்டாம். மாற்றித்தர வேண்டி வந்தாலும், வாடகை வீடு மாறினாலும் அது தேவைப்படும். பரணில் நாலரை அடிக்கு இடம் இருக்கிறதா என்பதை மட்டும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.