வெள்ளைக்காரன் கிட்டதான் கத்துக்கணுமா?

கோடை லீவு விட்டாச்சு. யார்க்‌ஷயர் பெம்ப்டன் பாறைகளுக்கு நம்ம தமிழ்க் குடும்பங்களும் புளியோதரை கட்டிக்கிட்டுக் கிளம்பிடுவாங்க. கண்டிப்பாப் போங்க. சுமார் 100 மீட்டர் உயரச் சுண்ணாம்புப் பாறை, கீழே கடல், இடுக்கெல்லாம் பஃபின், கானெட், கிட்டிவேக்னு பறவைகள். சீசனில் கிட்டத்தட்ட 5 லட்சம்!

எனக்குக் கடுப்பு வருவது அங்கே நின்னுக்கிட்டு நம்மாளுங்க பிள்ளைங்க கிட்ட அடிக்கிற கமெண்ட்டில்தான்: "நம்ம ஊரா இருந்தா இந்நேரம் சுட்டுத் தின்னிருப்பான்!"

அய்யா, இதே பாறைக்குப் படகில் வந்து பொழுதுபோக்காச் சுட்டுத் தள்ளினவங்க 19-ம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கனவான்கள். கிட்டிவேக் இறகு சீமாட்டிகளின் தொப்பிக்குப் போச்சு. 1869-ல் சட்டம் வந்த பிறகுதான் கொஞ்சம் அடங்கினாங்க. கயிறு கட்டி இறங்கி முட்டை எடுக்கிற தொழில் 1954 வரை நடந்தது.

இப்ப வேடந்தாங்கலைப் பாருங்க. 1700-களின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டாங்க. ஊர்க்காரங்க நேரே கலெக்டர் லயனல் பிளேஸ் கிட்ட முறையிட்டு, சுடக்கூடாதுன்னு உத்தரவு வாங்கினாங்க. 1858-ல் அதைப் புதுப்பிச்சும் வச்சுக்கிட்டாங்க. லண்டன் சட்டத்துக்கு சுமார் 70 வருஷம் முந்தின கதை! எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம். பேங்க்காரன் பாஷையில் சொன்னா, வட்டி தர்ற முதலை எவனாவது கலைப்பானா?

நம்ம ஊரில் எல்லாம் ஒழுங்குன்னு சொல்ல வரலை. நான் கோலார் தங்கவயல்காரன். இங்கிலாந்துக் கம்பெனி 1880-லிருந்து தோண்டிக் குவிச்ச சயனைடு மண்மலைகளைப் பார்த்து வளர்ந்தவன். 2001-ல் சுரங்கத்தை மூடிட்டு அந்த மலைகளை வருஷக்கணக்கா அப்படியே விட்டது நம்ம அரசாங்கம்தான். அதைத் திட்டுங்க, நானும் சேர்ந்துக்கறேன். ஆனா ஊர் ஜனங்களையே காட்டுமிராண்டின்னு பிள்ளைக்குச் சொல்லித் தராதீங்க. வருஷா வருஷம் அதைக் கேட்கிற பிள்ளை, நாளைக்குத் தாத்தா பாட்டியையும் அப்படித்தான் பார்க்கும்.

அடுத்த ஈஸ்டர் லீவில் ஊருக்குப் போனா, பெங்களூர்-மைசூர் ரோட்டில் மத்தூர் பக்கம் கொக்கரே பெள்ளூருக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆகஸ்ட்டில் போனா பறவை இருக்காது. வீட்டுக் கொல்லைப் புளியமரத்தில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் குஞ்சு வளர்க்கும். புளி மகசூல் போனாலும் பரவாயில்லைன்னு மரத்தை விட்டுக்கொடுக்கிற சனங்க அவங்க. 2007-ல் அரசாங்கம் அதைச் சமுதாயக் காப்பகமா அறிவிச்சது. அதுக்குப் பல தலைமுறை முன்னாடியே ஊர் அறிவிச்சாச்சு.

பெம்ப்டனையும் காட்டுங்க, பெள்ளூரையும் காட்டுங்க. அப்புறம் பிள்ளையே சொல்லட்டும், யார் யாருக்குக் கத்துக் கொடுத்தாங்கன்னு.