அப்பாவின் வயிறும் ஆறு பாட்டில் தேனும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ரிலீஸ், அப்புறம் பொங்கலுக்கு ஊர்ப் பயணம். ஊர்ல நடந்ததைத்தான் எழுத வந்தேன். வழக்கமான மொக்கை இல்லை, கொஞ்சம் சீரியஸ் பதிவு. பொறுத்துக்குங்க.

எங்க ஊரு திருச்சி கைலாசபுரம், பெல் குவார்ட்டர்ஸ். அப்பா ரிட்டயர் ஆக இன்னும் ஒரு வருஷம். போன ஆடி மாசத்துல இருந்தே அவருக்கு மேல்வயித்துல எரிச்சல். நடுராத்திரி எழுந்து உக்காந்துக்குவாராம். யாரோ சொன்னாங்கன்னு காலைல வெறும் வயித்துல வெந்நீரும் கொல்லிமலைத் தேனும். பாட்டில் பாட்டிலா. அடங்கலை. அப்புறம் தெரிஞ்சவர் ஒருத்தர் தேனீப் பிசின் மாத்திரைன்னு ஒரு டப்பாவை அவர் தலையில கட்டினார். ஆள் சேர்த்தா கமிஷன் கிடைக்கிற வியாபாரம். "புரோபோலிஸ், அல்சருக்குக் கைகண்ட மருந்து." மாசம் 1,800 ரூபாய்!

பொங்கலுக்குப் போனா, மாடிப்படி ஏறவே அப்பாவுக்கு மூச்சு வாங்குது. முகம் வெளுத்துப் போயிருக்கு. துருவித் துருவிக் கேட்டப்புறம்தான் சொன்னார்: "மூணு வாரமா வெளிக்கு தார் மாதிரி கறுப்பா போகுதுடா. தேன் உள்ளே இருக்கிற அழுக்கை எல்லாம் வெளியேத்துதுன்னு நினைச்சேன்."

அது அழுக்கு இல்லை, ரத்தம்.

ஹீமோகுளோபின் 7. எண்டோஸ்கோப்பி பண்ணினா சிறுகுடல் ஆரம்பத்துல புண், கூடவே ஹெலிகோபாக்டர் பைலோரிங்கிற கிருமி. முட்டிவலிக்கு அவரே மெடிக்கல்ல வாங்கிப் போட்ட வலி மாத்திரையும் தன் பங்குக்கு வேலை காட்டியிருக்கு. ரத்தம் ஏத்தி, 14 நாள் ஆன்டிபயாடிக் கொடுத்து... இப்ப நல்லா இருக்கார்.

வயித்துப்புண்ணுக்குக் கிருமி காரணம்னு சொன்னப்ப பல டாக்டர்களே நம்பலை. ஆஸ்திரேலியாவோட பேரி மார்ஷல் 1984-ல அந்தக் கிருமியைத் தானே குடிச்சு, வயித்தைக் கெடுத்துக்கிட்டுக் காட்டினார். 2005-ல ராபின் வாரனோட சேர்ந்து நோபல் பரிசு. இப்படி வைத்தியம் தெரிஞ்ச ஒரு நோய்க்கு எங்கப்பா ஆறு மாசம் தேன் குடிச்சிருக்கார். அந்த ஆதங்கம்தான் இந்தப் பதிவு.

"ஆய்வகத்துல தேன் அந்தக் கிருமியைத் தடுக்குதே?"ன்னு கேப்பீங்க. தடுக்குது. தேனீப் பிசினும் தடுக்குது. ஆனா கண்ணாடித் தட்டு வேற, வயிறு வேற. "என் மெஷின்ல ஓடுச்சே சார்"னு சொன்னா கிளையன்ட் ஒத்துக்குவாரா? மனுஷ வயித்துல தேன் மட்டுமே இந்தக் கிருமியை ஒழிச்சுக்கட்டும்னு நிரூபணம் இல்லை.

தேன்ல சுமார் 80 சதவீதம் சர்க்கரைதான். அதுலயும் குளுக்கோஸை விட ஃப்ரக்டோஸ் ஜாஸ்தி. சில பேர் குடல் அதைச் சரியா உறிஞ்சாது. விளைவு வாயு, உப்புசம், பேதி. அதுவும் வாங்கினது தேனா இருந்தா! 2020-ல டெல்லி சி.எஸ்.இ. அமைப்பு 13 பிராண்டுகளைச் சோதிச்சதுல எல்லாப் பரிசோதனையிலும் தேறினது 3 தான். மத்ததுல சர்க்கரைப்பாகு கலப்படம். தண்ணில சொட்டு விட்டுப் பாக்கிறது, தீக்குச்சி கொளுத்திப் பாக்கிறது எல்லாம் இந்தப் பாகைக் கண்டுபிடிக்காது.

பாட்டி வைத்தியத்தைக் கேலி பண்ணலை. சித்த மருத்துவத்துல தேன் பெரும்பாலும் அனுபானம், அதாவது சூரணத்தைக் குழைச்சுக் கொடுக்கத்தான். அதுவும் நாடி பார்த்து, நோய் இன்னதுன்னு தெரிஞ்சப்புறம். நாமதான் நோயைப் பாக்காம விட்டுட்டு, தேனை மட்டும் எடுத்துக்கிட்டோம்.

தேன் சாப்பிடுங்க, தோசைக்குக் கூடத் தொட்டுக்குங்க. அது உணவு. ஆனா வயித்தெரிச்சல் வாரக்கணக்கா போகலைன்னா டாக்டரைப் பாருங்க. கறுப்பா வெளிக்குப் போறது, காரணமில்லாம எடை குறையுறது, முழுங்கச் சிரமம்... இதுல எது இருந்தாலும் ஒரு நாள் கூடத் தள்ளிப் போடாதீங்க.

ராத்திரி வீட்டுக்கு போன் பண்றப்ப "சாப்டீங்களாப்பா"ன்னு கேக்கிறதோட நிறுத்தாதீங்க. வயிறு எப்படி இருக்குன்னும் கேளுங்க. நான் ஆறு மாசம் கேக்கலை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். மாத்துக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, பேசுவோம்.