முழித்திருக்க ஒரு ஆள்

சாப்ட்வேர்காரனுக்கு நைட் ஷிப்ட் ஒன்றும் புதுசில்லை. பெங்களூர் வந்த புதிதில் மூன்று வருஷம் ராத்திரி சப்போர்ட்டில் இருந்தவன் நான். அமெரிக்காவில் ஒரு சர்வர் படுத்தால் இங்கே நான் எழுந்து உட்கார வேண்டும். அதற்கு நைட் அலவன்ஸ் உண்டு, வாசலுக்கே வரும் கேப் உண்டு, என்னால் முடியாவிட்டால் யாரை எழுப்புவது என்று பெயரும் நம்பரும் போட்ட பட்டியலும் உண்டு. அதையே பெரிய கஷ்டம் என்று ஊருக்கு போன் போட்டு அம்மாவிடம் புலம்பியிருக்கிறேன். (அம்மா நம்பினாள், பாவம்!)

இப்போது ஒரு வருஷமாக வேறு மாதிரி ஒரு நைட் ஷிப்டுக்குப் போய் வருகிறேன். மாசத்தில் இரண்டு சனிக்கிழமை. நான் குடியிருக்கும் மர்பி டவுன் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், வீடில்லாத ஆண்கள் ராத்திரி தங்கும் விடுதி ஒன்று. எனக்கு அங்கே சம்பளமில்லாத எடுபிடி வேலை. ரிஜிஸ்டரில் பெயர் எழுதுவது, பாய் போர்வை எடுத்துக் கொடுப்பது, யாருக்காவது முடியவில்லை என்றால் 108-க்கு போன் போடுவது. ராத்திரிப் பொறுப்பு முழுக்க ஒரே ஒருத்தரிடம். அல்சூர் பக்கமே பிறந்து வளர்ந்த தமிழர், ஐம்பதைத் தாண்டியவர். தண்டு காலத்தில் வேலை தேடி வந்த குடும்பத்தின் பேரன். நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னை 'சார்' என்று கூப்பிடுவதை விடவே ஆறு மாசம் ஆயிற்று.

வீடில்லாதவர் என்றதும் எனக்கு முதலில் மனதில் வந்தது பிச்சைக்காரர்கள்தான். ரிஜிஸ்டரில் இரண்டு ராத்திரி பெயர் எழுதினதும் அது போய்விட்டது. கல்யாண மண்டபத்தில் பரிமாறுகிறவர், கே.ஆர். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், கட்டிட வேலைக்காரர், ஏதோ ஓர் ஏடிஎம் வாசலில் காவல் இருந்து வேலை போனவர்... ராய்ச்சூர், கலபுர்கி, ஒடிசா, நம்ம திருவண்ணாமலை என்று பல ஊர். பலருக்கு வேலை இருக்கிறது. பத்து மாச வாடகையை அட்வான்ஸாகக் கேட்டுப் பழகிய ஊரில், அதைச் சேர்க்கத்தான் முடியவில்லை.

சரி, இதை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை. மணி பன்னிரண்டரை இருக்கும். உள்ளே ஒருவருக்கு வலிப்பு வந்து அண்ணன் அவர் பக்கத்தில் இருந்தார், நான் வாசலில். நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒருத்தர் நனைந்துகொண்டே வந்து நின்றார். வாயைத் திறந்ததும் சாராய வாடை. குடித்துவிட்டு வந்தால் அனுமதி இல்லை என்று சுவரில் கன்னடத்தில் எழுதியே வைத்திருக்கிறது. நான் அதைக் கை காட்டினேன். அவர் சண்டை போடவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்கோ விதியைச் சரியாக அமல்படுத்திவிட்ட திருப்தி.

பத்து நிமிஷம் கழித்து அண்ணன் வந்தார். சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"எந்தப் பக்கம் போனாருப்பா?"

"தெரியலண்ணா. ரூல்தானே..."

"ரூலு உள்ள படுத்திருக்கிறவனுக்குப்பா. வெளிய போனவனுக்கு யாரு ரூலு?"

டார்ச்சை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார். கதவை நான் பார்த்துக்கொண்டேன். என் வாழ்க்கையிலேயே நீளமான முக்கால் மணி நேரம் அதுதான். மெட்ரோ தூண் ஓரத்தில், தண்ணீர் ஓடுகிற இடத்திலேயே படுத்துக் கிடந்தாராம். தோளில் கை போட்டு நடத்தி அழைத்து வந்தார். ஆனால் உள்ளே படுக்க விடவில்லை. தலையைத் துவட்டி, வேறு லுங்கி கொடுத்து, வாசல் திண்ணையில் பாய் போட்டு ஒருக்களித்துப் படுக்க வைத்தார். வாந்தி எடுத்தால் மூச்சு அடைக்காமல் இருக்கவாம். விடியும் வரை எதிரிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். காலையில் அந்த ஆள் டீ குடித்துவிட்டு வேலைக்குப் போனார். என்னைப் பார்த்து ஒரு கும்பிடு வேறு. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த விதி தப்பு என்று நான் சொல்லவில்லை. ஒரே கூடத்தில் நாற்பது பேர் படுத்திருக்கும்போது ஒருத்தர் போதையில் கலாட்டா செய்தால் மற்ற முப்பத்தொன்பது பேரின் தூக்கமும் போகும், காலையில் கூலியும் போகும். விதி வேண்டும். அதைத் திண்ணை வரை தளர்த்தத் தெரிந்த ஒரு ஆளும் வேண்டும். சுவரில் எழுதி வைப்பது சுலபம். அந்த ஆளை எப்படி உருவாக்குகிறோம், என்ன கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

காகிதத்தில் நாம் மோசமில்லை. டெல்லியில் 2009 டிசம்பர் குளிரில், பூசா ரோட்டில் இருந்த தற்காலிக இரவுத் தங்குமிடத்தை மாநகராட்சி இடித்தது. அதைத் தொடர்ந்து 2010-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. பெரிய நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு விடுதி, அது வருஷம் முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்றது. 2013-ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதிமுறையில் ஆளுக்கு 50 சதுர அடி இடம், சமையல், குடிநீர், கழிப்பறை எல்லாம் எழுதியிருந்தது. ஒரு மேனேஜர், எட்டு மணி நேர ஷிப்டுக்கு ஒருவராக மூன்று பராமரிப்பாளர்கள் என்றும் இருந்தது.

இடத்தை அளந்தாயிற்று, கக்கூஸை எண்ணியாயிற்று. ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஐம்பது பேருக்கு ஒரே ஆள் என்கிற கணக்கைத்தான் யாரும் கேள்வி கேட்கவில்லை. அவர் வலிப்பு வந்தவரைப் பார்ப்பாரா, வாசலைப் பார்ப்பாரா? அன்றைக்கு நான் இல்லாவிட்டால் கதவு பூட்டியே இருந்திருக்கும். (நான் இருந்தும் பூட்டின மாதிரிதான் ஆயிற்று, அது வேறு.)

'விடுதி காலியாத்தான் கிடக்கு, இவங்களுக்கு ரோட்டுல படுத்துப் பழகிடுச்சு' என்று ஆபீஸில் ஒரு நண்பர் சொன்னார். நானும் அப்படி நினைத்தவன்தான். முதல் காரணம் நேரம். கல்யாணப் பந்தி முடிந்து பாத்திரம் கழுவிவிட்டு வருகிறவர் ராத்திரி ஒரு மணிக்குத்தான் வருவார். பத்து மணிக்குப் பூட்டுகிற விடுதி அவருக்கு இல்லாததற்குச் சமம். அவருக்குக் கதவு திறக்க ஒருத்தர் முழித்திருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் பயம். கர்நாடகத்தில் 1975-லிருந்து பிச்சை எடுப்பதைத் தடுக்கும் சட்டம் இருக்கிறது. பிடித்துக்கொண்டு போய் மாகடி ரோட்டில் உள்ள மறுவாழ்வு மையத்தில் அடைக்கலாம். 2010 ஆகஸ்டில் அங்கே அடுத்தடுத்துப் பலர் செத்துப்போய் மாநிலமே அதிர்ந்தது. ராத்திரி யாராவது வந்து 'வா, தங்க இடம் இருக்கு' என்று எழுப்பினால் ரோட்டில் படுத்திருப்பவர் ஏன் ஓடுகிறார் என்று இப்போது எனக்குப் புரிகிறது. அந்தப் பயத்தை போர்டு வைத்துப் போக்க முடியாது. தெரிந்த முகம் ஒன்று திரும்பத் திரும்பப் போய்ப் பேசினால்தான் போகும். அண்ணன் அதைத்தான் செய்கிறார், தன் ஷிப்ட் ஆரம்பிக்கும் முன்னால், கணக்கில் வராத நேரத்தில்.

இதில் இன்னொரு வேடிக்கை. பெங்களூரில் சொத்து வரி கட்டுகிற ஒவ்வொருவரும் அந்த வரிமேல் 3 சதவீதம் பிச்சைக்காரர் செஸ் என்று கட்டுகிறோம். அதாவது பிடித்து வைப்பதற்கு நிரந்தரமாக ஒரு வரி இருக்கிறது. கதவு திறந்து வைப்பவருக்கோ வருஷா வருஷம் ஒப்பந்தம், சில மாசம் சம்பளமே தாமதம். அவர் வாங்கும் தொகையை இங்கே எழுதினால் அவருக்குச் சங்கடம். என் பழைய நைட் அலவன்ஸோடு ஒப்பிட்டுப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

2011 கணக்கெடுப்பில் நாட்டில் வீடில்லாதவர்கள் 17.7 லட்சம் பேர், அதில் 9.38 லட்சம் பேர் நகரங்களில். அவர்களை எண்ணியது பிப்ரவரி 28 ராத்திரி, அந்த ஒரே ராத்திரியில். எண்ணுவதற்குக்கூட அரசாங்கம் ராத்திரி முழித்திருக்க வேண்டியிருந்தது பாருங்கள்.

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. ராத்திரி ஷிப்டுக்கு இரண்டு பேர். ஒருத்தர் உள்ளே, ஒருத்தர் வாசலில். மாசம் பிறந்தால் சம்பளம், அதோடு ராத்திரிப்படி. முதலுதவியும் மனநலப் பிரச்னையைக் கண்டுகொள்வதும் கற்றுக் கொடுக்கிற பயிற்சி. நிம்ஹான்ஸ் இருக்கிற ஊரில் இது முடியாத காரியமா? கைமீறிப் போனால் எழுப்ப ஒரு டாக்டர், ஒரு அதிகாரி, இருவரின் போன் நம்பர். ஒரு சர்வருக்காக எனக்குக் கொடுத்தார்களே, அதேதான். 2025-ல் பெங்களூரை ஐந்து மாநகராட்சியாகப் பிரித்திருக்கிறார்கள். ஐந்தில் ஏதாவது ஒன்று இதை முதலில் செய்து காட்டட்டும்.

மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. கட்டியவர் பெயர் இத்தனை நூற்றாண்டு கழித்தும் நமக்குத் தெரிகிறது. நடு ராத்திரியில் அங்கே கதவு திறந்தவர்கள் யாரென்று எவருக்கும் தெரியாது. தெரிய வேண்டாம், பரவாயில்லை. அவர்களுக்கு மாசக் கூலியாவது நேரத்துக்குப் போயிருக்கும் என்று நம்ப ஆசைப்படுகிறேன்.

அடுத்த சனிக்கிழமை நான் போகிறேன். வாசல் ஸ்டூல் எனக்கு. சுவரில் எழுதியிருப்பதைக் கை காட்டுவதற்கு முன்னால் அண்ணனைக் கூப்பிட வேண்டும் என்பது இப்போது தெரியும்.